இந்த வாரச் சிறந்த பதில்

ஜன்னல் பக்கம் நீங்க வாங்க அண்ணாச்சி. எனக்கு வெளிய பாத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல. பத்தரை மணிக்கு டவுன்ல கல்வி ஆபீசுல விசாரணை. எனக்குத்தான். சஸ்பெண்ட் ஆகி இன்னைக்கு நாப்பத்தாறாவது நாளு.

ஆமா, வாத்தியார்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஆலடிச்செவல் பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருசம். சமூக அறிவியல். நயினார் சார்னு கேட்டா ஆடு மேய்க்கவன்கூட கைகாட்டுவான். இப்பம் வேற மாதிரி கைகாட்டுதானுவ, அத விடுங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிருதேன். நான் பிள்ளைங்கள அடிக்கிற வாத்தியார் கிடையாது. கம்பே எடுக்க மாட்டேன். எங்க ஸ்டாப் ரூம்ல ஒவ்வொருத்தரு மேசையிலயும் ஒரு கம்பு கெடக்கும். என் மேசையில டஸ்டர் மட்டும்தான் இருக்கும். டஸ்டராலயும் எப்பமாவதுதான்.

இந்த வருசம் பள்ளிக்கூடம் தெறந்ததும் எங்களுக்கு ஒரு பயிற்சி வச்சாவ. மூணு நாளு. வெள்ளிக்கெழம கடைசிப் பீரியடு நீதிபோதனை இருக்குல்லா, அதுல சும்மா கத சொல்லிக்கிட்டு இருக்காதிய, பிள்ளைங்கள யோசிக்க வையுங்கன்னு சொன்னாவ. முடிவ நீங்க சொல்லக்கூடாது. தர்மசங்கடமான கேள்வியாக் குடுக்கணும். பிள்ளைங்க அடிச்சிக்கிட்டு ஒரு முடிவுக்கு வரணும். அடிச்சிக்கிட்டுன்னா வாயால. மத்தவியெல்லாம் பின்னால உக்காந்து போனப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நான்தான் ஒரு நோட்டு பூரா எழுதிக்கிட்டு வந்தேன்.

வந்த மறுவாரமே ஆரம்பிச்சிட்டேன். பத்தாம் வகுப்பு பி. நாப்பத்தோரு பிள்ளைங்க. மொத கேள்வி, கெணத்துல ரெண்டு பேரு விழுந்துட்டாவ, ஒண்ணு ஓந் தங்கச்சி, இன்னொண்ணு யாருன்னே தெரியாத கைக்குழந்த. ஒருத்தரத்தான் தூக்க முடியும். யாரத் தூக்குவ? ஏசுவடியான்னு ஒரு பய, வகுப்புத் தலைவன், எந்திரிச்சி, "சார், எனக்கு நீச்சலே தெரியாது, மூணு பேரும் சாவ வேண்டியதுதான்"ங்கான். சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. ஆனா பெறவு பாக்கணுமே, பிள்ளைங்க பேசுன பேச்ச. மணி அடிச்சும் ஒருத்தரும் எந்திரிக்கல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி. இருபத்தாறு வருசத்துல மொத தடவ மணி அடிச்சும் எந்திரிக்காத வகுப்பு.

அப்பந்தான் ஒரு யோசன பண்ணேன். எங்க பள்ளிக்கூட கேட்டு பக்கத்துல ஒரு கரும்பலகை உண்டு. ரோட்டப் பாத்து இருக்கும். தெனம் ஒரு குறளும் பொதுஅறிவும் எழுதிப் போடுவோம். எழுதுறது நான்தான், என் கையெழுத்து அப்படி. வெள்ளிக்கெழம சாயங்காலம் அதுல ஒரு ஓரமா ‘இந்த வாரச் சிறந்த பதில்’னு போட்டு, பிள்ளை பேரு, வகுப்பு, சொன்ன பதிலு, எல்லாம் கலர் சாக்பீசுல எழுத ஆரம்பிச்சேன். சனி ஞாயிறு ரெண்டு நாளும் அப்படியே கெடக்கும். எதுத்தாப்புல டீக்கடை. ஊரே வாசிக்கும். பெத்தவிய, "எம் பிள்ள பேரு போர்டுல வந்துட்டு"ன்னு பெருமையாப் பேசுவாவ. அந்த ஆசையிலயே பிள்ளைங்க வெள்ளிக்கெழம லீவு போடாது.

சரி, அதுக்கு முன்னால ஊர்க்கதை கொஞ்சம் சொல்லணும். ஆனி மாசம் கோயில் கொடை நடந்துச்சு. மேளம் எந்தத் தெரு வழியா வரணும்னு மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு. அன்னைக்கே கைகலப்பு. எட்டு நாள் கழிச்சி மேலத்தெரு கொத்தனார் தங்கப்பழத்த கொளத்தங்கரையில வச்சி வெட்டிட்டானுவ. கழுத்துல ஒண்ணு, தோள்பட்டையில ரெண்டு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உசுரு போயிட்டு. யாரு வெட்டுனதுன்னு ஊருக்கே தெரியும். கீழத்தெரு சுடலைக்கண்ணு. ஆனா சாட்சியும் இல்ல, அருவாளும் கெடைக்கல. போலீசு நாலு தடவ கூட்டிக்கிட்டுப் போயி நாலு தடவையும் விட்டுட்டு.

அந்தச் சுடலைக்கண்ணு தங்கச்சிதான் இசக்கியம்மாள். எங் கிளாசு. ரெண்டாவது பெஞ்சு. பேசவே பேசாது. எங்க வகுப்புல ரெண்டு தெருப் பிள்ளைங்களும் ரெண்டு பக்கமா உக்காரும். கையில கட்டுன கயித்துக் கலரப் பாத்தாலே தெரிஞ்சிரும். நான் அப்படி உக்காரச் சொல்லல. அதுவா உக்காரும். விவாதம்னா ரெண்டு கட்சி வேணும்லா, நமக்கும் சௌகரியம்.

அந்த வெள்ளிக்கெழம நான் கேட்ட கேள்வி இதுதான். ஒன் அண்ணன் ஒருத்தன வெட்டிட்டு வந்து வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கான். போலீசு வாசல்ல நிக்கி. என்ன சொல்லுவ?

இல்ல அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய மனசுல வச்சிக் கேக்கல. எல்லாரும் இதையேதான் கேக்காவ. பொதுவான கேள்வி. பாடம் நெஞ்சில தைக்கணும்னா ஊர்ல நடந்தத எடுக்கணும்னு பயிற்சியில சொல்லியிருக்காவ, எங்கிட்ட நோட்டு இருக்கு.

எல்லாப் பயலும், "இங்க இல்லன்னு சொல்லுவேன் சார்", "பின்வாசல் வழியா அனுப்பிருவேன் சார்"ங்கானுவ. எனக்கு வெறுத்துப் போச்சு. "நெஞ்சில கைய வச்சி உண்மையச் சொல்ல ஒரு ஆளு கெடையாதால இந்த வகுப்புல?"ன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே நடந்தேன். ரெண்டாவது பெஞ்சு பக்கம் நின்னது தற்செயல்.

இசக்கியம்மாள் எந்திரிச்சிது. "நான் சொல்லிருவேன் சார்"னு சொல்லிச்சு.

"ஏம்மா?"

"செத்தவருக்கும் பிள்ளைங்க இருக்கும்லா சார். எப்படியும் மூணு நாலு பிள்ளைங்க."

தங்கப்பழத்துக்கு மூணு பிள்ளைங்க. மூணாவது பிள்ள அந்த வகுப்புலயே அந்தப் பக்கம் உக்காந்திருக்கு. எனக்குப் புல்லரிச்சிட்டு. அதோட விட்டிருக்கலாம்னு எச்.எம். பெறவு சொன்னாவ. எச்.எம்.னா கிருபாவதி டீச்சரு, அவியளுக்கு எதையும் பாதியில விட்டுத்தான் பழக்கம். நான், "சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லுதியா, நெசமாச் சொல்லுதியா?"ன்னு கேட்டேன். பிள்ளைங்க கருத்த ஆழமாக் கொண்டு போவணும்லா.

"நெசமாத்தான் சார். அருவா எங்கன கெடக்குன்னும் சொல்லுவேன்."

மேலத்தெருப் பிள்ளைங்க கை தட்டுனாவ. கீழத்தெருப் பிள்ளைங்க ஒண்ணுகூட அசையல. நான் எல்லாருக்கும் சேத்து பலமாக் கை தட்டுனேன்.

அன்னைக்குச் சாயங்காலம் போர்டுல பச்சையும் ரோசுமா எழுதுனேன். ‘இந்த வாரச் சிறந்த பதில். இசக்கியம்மாள், பத்தாம் வகுப்பு பி. அருவாள் எங்கே கிடக்கிறது என்றும் சொல்வேன்.’ பேச்சுத்தமிழத் திருத்தித்தான் போட்டேன். சுத்தி ஒரு பூக்கொடி வரைஞ்சேன்.

டிக்கெட்டா? ரெண்டு டவுனு குடுங்க தம்பி. அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க, நான் எடுத்துக்கிடுதேன். பேச ஒரு ஆளு கெடைக்கதே பெரிசா இருக்கு இப்பல்லாம்.

சனிக்கெழம காலையில ஸ்டேசன் ஏட்டு ஒருத்தரு டீ குடிக்க வந்திருக்காரு. வாசிச்சிருக்காரு. மத்தியானம் ஜீப்பு அவிய வீட்டு முன்னால நின்னுட்டு. வீட்டத் தலைகீழாப் பெரட்டி, கோழிக்கூட்டுக்கு அடியில மண்ணத் தோண்டி அருவாள எடுத்துட்டாவ. பிள்ளை ஒரு வார்த்தையும் சொல்லலையாம். போலீசு கேட்டதுக்குத் தெரியாதுன்னுதான் நின்னுச்சாம். ஆனா போர்டுல நான்தான் எழுதிப் போட்டிருக்கேன்லா. சுடலைக்கண்ணு பின்சொவரு ஏறிக் குதிச்சி ஓடிட்டான். அப்பனக் கூட்டிக்கிட்டுப் போயி மிதிச்சிருக்காவ. ஞாயித்துக்கெழம சித்தப்பனுவ ரெண்டு பேரு வந்து பிள்ளையத் தூணுல கட்டி வச்சி, மாட்டுக் கயித்தால அடிச்சிருக்கானுவ. அம்மைக்காரி வாயில சேலையத் திணிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாளாம். சத்தம் வெளிய போயிரக்கூடாதுன்னு.

திங்கக்கெழம அந்தப் பிள்ள பள்ளிக்கூடம் வந்துட்டு. அதத்தான் பாக்கணும் நீங்க. உதடு கிழிஞ்சி, ஒரு கண்ணு தெறக்கவே இல்ல. யூனிபாரத்துல ரத்தம் கசிஞ்சி கெடக்கு. வீட்டுல இருக்கதவிட பள்ளிக்கூடம் பத்திரம்னு வந்திருக்கு. நேரா எங்கிட்ட வந்து, "சார், அந்த போர்ட அழிச்சிருங்க"ன்னு சொல்லிச்சு.

எனக்கு மனசு தாங்கல. ஆனா வாத்தியாரு தளர்ந்துரலாமா? "இது அழிக்கிற விசயம் இல்லம்மா"ன்னு சொல்லி, பிரேயர்ல மேடையில ஏத்திட்டேன். நானூறு பிள்ளைங்க முன்னால, "இந்த முகத்தப் பாத்துக்கிடுங்க. உண்மை பேசுனா இப்படி அடி விழத்தான் செய்யும். தாங்கணும். கை தட்டுங்க"ன்னேன். எல்லாரும் தட்டுனாவ. அது தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னுச்சு. கூச்ச சுபாவம்.

பிரேயர் முடிஞ்சி அழிச்சிட்டேன் அண்ணாச்சி. அதையும் சொல்லணும்லா. நானே ஈரத்துணி வச்சித் துடைச்சேன். அத யாரும் பேசமாட்டாவ.

இன்டர்வல் முடிஞ்சி மூணாவது பீரியடு. எம் பீரியடு. பிள்ளைங்கல்லாம் உள்ள வந்துட்டாவ, இசக்கியம்மாள் மட்டும் கொழாயடியில மொகம் கழுவிக்கிட்டு நின்னுச்சு. ஜன்னல் வழியாப் பாக்கேன், சைக்கிள் ஷெட்டு சொவரு மேல ஒரு ஆளு ஏறுதான். லுங்கிய மடிச்சிக் கட்டியிருக்கான். குதிச்சி நிமிந்தப்பம் கையில அருவா மின்னுச்சு. சுடலைக்கண்ணுன்னு ஒடனே தெரிஞ்சிட்டு.

பிள்ளையும் பாத்துட்டு. ஓடி வருது, வராண்டா வழியா, எங் கிளாசப் பாத்து.

இப்பம் நீங்க சொல்லுங்க. உள்ள நாப்பது பிள்ளைங்க. வெளிய ஒண்ணு. பின்னால அருவாளோட ஒருத்தன். அதுக்குக் கதவத் தெறந்து விட்டா அவனும் உள்ள வருவான். பெத்தவிய நாப்பது பேருக்கு யாரு பதில் சொல்லுவா? கணக்குப் போட நேரம் இல்ல, ஆனா நான் போட்டேன். நாப்பதா, ஒண்ணா? கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுட்டேன்.

அதோட மொகம் அப்பம் கதவுக்கு ரெண்டு எட்டுல இருந்துச்சு. ஆமா, பாத்தேன். பாக்காம எப்படிக் கதவச் சாத்த?

தட்டுச்சு. தகரக் கதவு. "சார்"னு ஒரு தட்டு. "சார்"னு ஒரு தட்டு. பதினோரு தடவ. எண்ணிக்கிட்டே நின்னேன், என்னமோ மனசு அப்படி எண்ணிச்சு. ஏசுவடியான் பெஞ்சு மேல ஏறித் தாவி வந்து தாழ்ப்பாள்ல கைய வச்சான். "சார், தெறங்க சார், அவளக் கொன்னுருவான் சார்"ங்கான். விட்டேன் ஒரு அறை. காதுல ரத்தம் வந்துட்டு. கீழ விழுந்தும் காலப் பிடிச்சி இழுக்கான், இன்னொண்ணு விட்டேன். நான் அடிக்கிற வாத்தியாரு இல்லன்னு சொன்னேன்லா, அது அடியில வராது. அது பாதுகாப்பு.

பெறவு அருவா தகரத்துல விழுந்த சத்தம். கிளாசு பூராவும் ஒரே அலறல். அந்தப் பிள்ளையும் அலறுச்சு, ஆனா அது தனியாக் கேட்டுச்சு. தலைக்குக் கொண்டு வந்த வெட்ட வலது கையால மறிச்சிருக்கு. கதவுக்கு அடியில ஒரு இடைவெளி உண்டு, அது வழியா ரத்தம் உள்ள வந்து எஞ் செருப்ப நனைச்சிது. நான் தள்ளி நின்னேன், ஆனா தாழ்ப்பாள விட்டுக் கைய எடுக்கல.

அங்கன சத்துணவுல சமைக்க பேச்சித்தாய்னு ஒரு பொம்பள. அவ அண்டாவுல கொதிச்சிக்கிட்டு இருந்த ஒலத்தண்ணிய ஒரு வாளியில மோந்துக்கிட்டு ஓடி வந்து அவன் மூஞ்சியில ஊத்தியிருக்கா. வெந்து போயி அருவாளப் போட்டுட்டுக் கத்திக்கிட்டே விழுந்துட்டான். அதுக்குள்ள ஆளு கூடிட்டு. கலெக்டரு கையால அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தாவ. குடுக்கட்டும். எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவளுக்கென்ன, ஒத்தை ஆளு. பொறுப்புல நாப்பது பிள்ளைங்களா இருந்துச்சு அவளுக்கு?

பிள்ள பொழைச்சிக்கிட்டு. அது பெரிய விசயம். வலது கையில பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். மத்த மூணும் கதவடியிலயே கெடந்துச்சு.

என் கோவம் என்னன்னா, அதுக்குப் பெறவு நடந்ததுதான். போலீசு வாரதுக்கு முன்னால நான் பிள்ளைங்களக் கூட்டி வச்சிச் சொன்னேன். "இங்க பாருங்க மக்களே, கதவு காத்துல சாத்திக்கிட்டு. தாழ்ப்பாள் சிக்கிக்கிட்டு. சார் தெறக்கப் பாடுபட்டாரு. யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்." எல்லாரும் தலைய ஆட்டுனாவ. நாப்பது தலையும் ஆடுச்சு. நான் பாத்தேன்.

கல்வி அதிகாரி வந்து ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேட்டாரு. நாப்பது பேரும் ஒண்ணு போலச் சொல்லிட்டானுவ. "சார்தான் தாழ்ப்பாள் போட்டாரு. ஏசுவடியான அறைஞ்சாரு. அவ பதினோரு தடவ தட்டுனா." பதினொண்ணுங்கதுகூட மாறல! நாப்பது பேரும் எண்ணியிருக்கு பாருங்க. செண்பகவல்லின்னு ஒரு பிள்ள, பொறந்தநாளைக்கு நான் ஜாமெட்ரி பாக்சு வாங்கிக் குடுத்த பிள்ள, அது எழுதியே குடுத்துட்டு. கீழத்தெரு, மேலத்தெருன்னு ஒரு நாளும் ஒண்ணா உக்காராத பயலுவ, எனக்கு எதுரா மட்டும் ஒண்ணா நிக்கானுவ. உண்மையப் பேசுங்கலன்னு வாரா வாரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனது யாரு? நானு. என் உசுரக் குடுத்துச் சொல்லிக் குடுத்தேன், எந் தலையிலயே போட்டுட்டானுவ. நன்றின்னு ஒண்ணு இருக்கா அண்ணாச்சி இந்தக் காலத்துல?

நேத்துப் போயி இசக்கியம்மாளப் பாத்தேன். இப்பம் சித்தி வீட்டுல இருக்கு, வேற ஊரு. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. ஒரு கேள்விதான் கேட்டேன், வகுப்புல கேக்க மாதிரி. "நடந்தது நடந்துட்டும்மா. இனிமே ஓங் கையி வரப்போறதில்ல. ஆனா ஒன்னால ஒரு வாத்தியாரு குடும்பம் தெருவுல நிக்கது நியாயமா?" யோசிச்சிச் சொல்லுன்னேன். இன்னொண்ணும் சொன்னேன். பங்குனியில பப்ளிக் பரிச்சை. அது சொல்லச் சொல்ல வேற ஆளு எழுதலாம், ஆனா அதுக்கு வகுப்பாசிரியரு கையெழுத்து வேணும். நான் வேலையில திரும்பச் சேந்தா மொதக் கையெழுத்து ஒனக்குத்தான் தாயின்னேன். அன்பாத்தான் சொன்னேன்.

அது, "என்ன எழுதணும் சார்?"னு கேட்டுச்சு.

"நீ கதவத் தட்டவே இல்ல, வேற பக்கம் ஓடுனன்னு எழுது. ஒன் வார்த்தைய மீறி யாரும் பேச முடியாது. நீ உண்மை பேசுற பிள்ளைன்னு ஊருக்கே தெரியும்."

பேனாவ இடது கையில வாங்கிச்சு. அது பேனாவக் கீழ போட்டுட்டுத் திரும்ப எடுத்ததப் பாத்து எனக்கு அழுகை வந்துட்டு, நெசமாவே அழுதேன். நானும் மனுசன்தான.

அப்பம் கேக்கு, "சார், ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். நான் தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

நான் என்ன சொல்ல முடியும்? பிள்ள மனசு நோகக்கூடாது. "கேக்கலையேம்மா"ன்னேன். "மேல ஃபேன் கடமுடான்னு ஓடிக்கிட்டு இருந்துச்சுல்லா, அந்தச் சத்தத்துல கேக்கல."

என்னையே பாத்துச்சு. அந்த ஒத்தக் கண்ணு இன்னும் சரியாத் தெறக்கல.

"அன்னைக்குக் கரண்டு இல்ல சார்"னு சொல்லிச்சு.

சொல்லிட்டுக் குனிஞ்சி எழுத ஆரம்பிச்சிட்டு. அரை மணி நேரமாச்சு நாலு வரி எழுத. நான் சொன்னது சொன்னபடி எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டு. ஒரு சொல்லு மாத்தல.

எனக்கு ராத்திரி பூரா அதுதான் புரியல அண்ணாச்சி. எழுதித் தாரேன்னு ஆன பெறவு, அன்னைக்குக் கரண்டு இருந்துச்சா இல்லையாங்கத எதுக்கு அது எங்கிட்டச் சொல்லணும்?